பிரைமஸ் நம்பர் 1, 1917: புளி தின்ற முத்திரையைப் படித்த விதம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எடை போட்டு வாங்கிய அந்தப் பித்தளை பம்ப் ஸ்டவ், பிரைமஸ் நம்பர் 1. ஸ்வீடனில் செய்தது, வருடம் 1917. "ஏதோ ஃபாரின் ஸ்டவ் தம்பி, எடுத்துட்டுப் போங்க" என்றுதான் கடைக்காரர் கொடுத்தார். அந்த "ஏதோ"வை உடைக்க எத்தனை ராத்திரி கண் விழித்தேன் என்று எங்கள் வீட்டில் கேட்டால் திட்டோடு சேர்த்துச் சொல்வார்கள்.

பர்னரை வைத்து ஸ்டவ்வை அடையாளம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்பாதீர்கள். நம்மூர் மண்ணெண்ணெய்க்குப் பர்னர் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும், பின் போட்டுக் குத்திக் குத்தி நிப்பிள் ஓட்டை பெரிதாகிவிடும், கடைசியில் ஸ்டவ் ரிப்பேர்க்காரர் புதுப் பர்னரை மாட்டிவிட்டுப் போயிருப்பார். மரை பொருந்தினால் போதும், யார் செய்த பர்னர் என்று எவரும் கேட்டதில்லை. என்னிடம் இருப்பதிலும் பர்னர் கழுத்தில் 'மேட் இன் இந்தியா' என்று பளிச்சென்று இருக்கிறது. அதை நம்பியிருந்தால் இந்த ஸ்டவ்வை மோர்ப் பானைக்குப் பக்கத்தில் அலங்காரத்துக்கு வைத்திருப்பேன். டேங்க்தான் ஸ்டவ்வின் ஜாதகம். மற்றதெல்லாம் மாற்றக்கூடியது.

ஆனால் அந்த ஜாதகத்தைத்தான் நம் பாட்டிமார் புளியும் சாம்பலும் செங்கல் பொடியும் போட்டு எழுபது எண்பது வருடம் தேய்த்து வைத்திருக்கிறார்கள்! டேங்கின் தோள்பட்டையில் ஏதோ எழுத்து இருக்கிறது என்பது விரல் நகத்துக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. போதாததற்கு ஒரு கால் எப்போதோ கழன்று, ஈயம் வைத்துப் பற்றியதில் கால்வாசி எழுத்து அந்த ஈயத்துக்கு அடியில் போய்விட்டது.

வெண்ணெய்த்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன். தட்டையான இடத்தில் அது அருமையாக வரும், குவிந்த டேங்கில் தாள் மடிந்து மடிந்து ஒரே கோடாக வந்தது. சுண்ணாம்புப் பொடி தூவித் துடைத்தேன், பள்ளம் இருந்தால்தானே பொடி நிற்கும்! கடைசியில் வேலை செய்தது டார்ச். அதுவும் நேராக அடித்தால் பித்தளை பளபளத்துக் கண்ணைக் கூசும், அவ்வளவுதான். அறையை இருட்டாக்கி, டார்ச்சை டேங்கோடு ஒட்டினாற்போலப் படுக்க வைத்து, வெளிச்சம் மேற்பரப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி அடிக்க வேண்டும். அப்போது முடியளவு பள்ளத்துக்கும் நிழல் விழும். டேங்க் வளைவாக இருப்பதால் ஒரு நேரத்தில் விரல் அகலத்துக்குத்தான் எழுத்து எழும்பும், அதைப் போனில் படம் எடுத்துவிட்டு டேங்கைக் கொஞ்சம் திருப்பி அடுத்த விரல் அகலம்.

முதலில் கிடைத்தது 'ஸ்டாக்ஹோம்' என்ற ஊர்ப் பெயரின் வால். இது போதாது, ஆப்டிமஸ், ரேடியஸ், ஸ்வேயா எல்லாமே ஸ்வீடன் சரக்குதான். அடுத்த துண்டில் ஆங்கில எச்-சும் ஜே-யும் ஒட்டி ஒட்டி நின்றன. இப்படி ஆரம்பிக்கிற பெயர் எனக்குத் தெரிந்து ஸ்டவ் உலகத்தில் ஒன்றுதான்: பி. ஏ. யோர்த் (Hjorth என்று எழுதுவார்கள்) கம்பெனி, பிரைமஸை உலகம் முழுக்க விற்றவர்கள். 1892-ல் லிண்ட்க்விஸ்ட் என்ற ஸ்வீடன்காரர் உருவாக்கிய புகையில்லாத அடுப்பு இவர்கள் கை வழியாகத்தான் நம் ஊர் வரைக்கும் வந்தது. பிரைமஸ் என்ற பெயரே ஈயத்துக்கு அடியில் கிடக்கிறது, எஸ் மட்டும் வெளியே தலை நீட்டுகிறது.

மாடல் எண் ஒன்றா ஐந்தா என்று ஒரு குழப்பம். தேய்ந்த ஐந்துக்கு முதுகு மட்டும் மிஞ்சினால் அதுவும் ஒன்று போலத்தான் இருக்கும். இதற்கு டார்ச் வேண்டாம், தண்ணீர் போதும். நம்பர் 1 டேங்க் பிடிப்பது இரண்டு பைண்ட், அதாவது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். நம்பர் 5 மூன்றரை பைண்ட், கிட்டத்தட்ட இரண்டு லிட்டர். அளவு ஜாடியில் ஊற்றினேன், கழுத்து வரை நிரப்பியும் ஒன்றரை லிட்டரைத் தொடவில்லை. சரி, ஒன்றுதான். (தண்ணீர் ஊற்றினால் அப்புறம் வெயிலில் கவிழ்த்து நன்றாகக் காய வைத்து, மண்ணெண்ணெய் விட்டு ஒருமுறை அலசிவிடுங்கள்.)

வருடம்தான் உயிரை வாங்கியது. 1911-லிருந்து பிரைமஸ்காரர்கள் வருடத்துக்கு ஓர் எழுத்து என்று டேங்கில் குத்தினார்கள், அந்த வருடத்துக்கு 'ஏ'. என் டேங்கில் தனியாக நிற்கும் எழுத்து எத்தனை முறை பார்த்தாலும் 'சி'யாகவே தெரிந்தது. 1913 என்று நோட்டில் எழுதியும் வைத்தாகிவிட்டது. ஆனால் வலது ஓரத்தில் நகம் லேசாக இடறியது, அது மட்டும் மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: எல்லாப் படத்திலும் வெளிச்சம் இடமிருந்து வலமாகவே போயிருக்கிறது. வெளிச்சம் போகிற திசையிலேயே ஒரு கோடு கிடந்தால் அதற்கு நிழலே விழாது. படுக்கைக் கோட்டைப் பார்க்க வேண்டுமானால் மேலிருந்து கீழாக அடிக்க வேண்டும். டார்ச்சைப் பன்னிரண்டு மணிப் பக்கம் கொண்டுபோனேன், 'சி'யின் வாய்க்குள் கடுகளவு ஒரு குறுக்குக் கோடு எழுந்தது. 'ஜி'. 1917. தனியாகக் கத்தினேன், பக்கத்து வீட்டு நாய் பதிலுக்குக் குரைத்தது.

ஆகவே எழுத்தைச் சுற்றி வட்டமாக டார்ச்சைக் கொண்டுவாருங்கள், ஒரே பக்கத்திலிருந்து அடித்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். அதைவிட முக்கியம், பழைய சாமான் கடையில் "பஃப் போட்டுத் தரட்டுமா?" (மெஷினில் வைத்துப் பளபளவென்று தேய்ப்பது) என்று கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிட பஃப், நூறு வருட முத்திரையை வழித்தெடுத்துவிடும். அதே தெருவில் கண்ணாடி மாதிரி மின்னிய இன்னொரு ஸ்டவ் இருந்தது, நகத்துக்குக்கூட ஒன்றும் தட்டவில்லை, விலை மட்டும் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு.

ஏற்றிப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. பம்ப் அடித்தால் காற்று பம்ப் குழாய்க்குள் திரும்பி வந்து கைப்பிடியைத் தானாகவே மேலே தள்ளுகிறது, அதனால் பம்ப் அடியில் இருக்கும் வால்வு போய்விட்டது என்று அர்த்தம். தோல் வாஷரை மதுரை விளக்குத்தூண் பக்கம் வாங்கித் தேங்காயெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன். வால்வைக் கழற்றும் நீளமான சாவிதான் எங்கும் இல்லை. சின்ன வயதில் தெருவுக்குத் தெரு ஸ்டவ் ரிப்பேர்க்காரர் வருவார், அவர் பையில் கிடந்த சாவிகளெல்லாம் இப்போது எந்தக் காயலான் கடையில் இருக்கின்றனவோ. லேத் பட்டறை அண்ணனிடம் அளவு கொடுத்திருக்கிறேன், "தீபாவளி போகட்டும்" என்கிறார்.

அம்மா வீட்டுக்குள் ஏற்றவே கூடாது என்று சொல்லிவிட்டார். 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்று வாரம் ஒரு செய்தி வந்த காலத்தில் வாழ்ந்தவர், அந்தச் செய்திகளில் ஸ்டவ் மேல் பழி போட்டுத் தப்பித்தவர்கள் எத்தனை பேர் என்றும் அவருக்குத் தெரியும். மொட்டை மாடியில்தான் ஏற்றப்போகிறேன். பழைய ஸ்வீடன் பர்னர் ஒன்று கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் இருக்கிற இந்தியப் பர்னரே ஓடட்டும்.

அதற்குள் அடுத்தது வந்து உட்கார்ந்துவிட்டது. மாமா வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய சின்ன ஸ்டவ், கம்பெனி பெயர் சுத்தமாக இல்லை, ஆனால் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 1342 என்ற எண்ணும் (பம்ப் ஸ்டவ்வுக்கான இந்தியத் தர எண்) தெளிவாக இருக்கின்றன. முத்திரைக்குக் கீழே லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும், அது முழுசாகக் கிடைத்தால் யார் செய்தது என்று பிடித்துவிடலாம். இப்போதைக்கு நான்கு இலக்கம் தெரிகிறது, மீதி துருவுக்கு அடியில்.