மவுண்ட் ரோடு: மதிய நடைக் குறிப்புகள்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

ஆபீஸ் சென்னை மவுண்ட் ரோட்டுக்கு (இப்போது அண்ணா சாலை) மாறிவிட்டது. சாப்பிட்ட கையோடு கொஞ்சம் நடக்கலாமே என்று கிளம்பினேன். இன்று எல்.ஐ.சி. வரை. 1959-ல் திறந்தபோது பதினான்கு மாடி, 177 அடி. நாட்டிலேயே உயரமான கட்டடம். யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் ஆரம்பித்த வேலை. அவர் 1954-ல் விமான விபத்தில் போய்விட்டார். 1956-ல் இன்ஷூரன்ஸ் நாட்டுடைமையானது, கட்டடமும் கை மாறியது. 1975-ல் தீப்பிடித்தும் நின்றுவிட்டது. இன்றைக்குப் பக்கத்துக் கட்டடங்களுக்கு நடுவே அப்படியொன்றும் உயரமாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். 1897-ல் ஒரு மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது. குவிமாடம், கூர்முனை, வளைவு என்று சகல பாணியும் ஒரே கட்டடத்தில். 2006-ல் இடிக்க ஆரம்பித்தார்கள், வழக்கு வந்து நின்றது. செங்கல் சந்தில் ஒரு அரசங்கன்று என் கட்டைவிரல் கனத்துக்கு வேர் விட்டிருக்கிறது. கோர்ட்டு தடுத்தாலும் வேர் இடிக்காமல் விடாது.

இந்தச் சாலையை யாரோ வரைபடம் போட்டு மாற்றினார்கள் என்று இனி நான் நம்பப்போவதில்லை. பாதி வேலை தீ செய்தது, மீதியை வழக்கும் மனை விலையும் பார்த்துக்கொண்டன.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஸ்பென்சர். செங்கல் சிவப்பில் இருந்த பழைய கட்டடம் 1983-ல் எரிந்தது. அந்த இடத்தில் 1991-ல் பிளாசா திறந்தபோது ஊரே எஸ்கலேட்டர் பார்க்கப் போனது. என் அக்காவும்தான், புடவைக் கரை மாட்டிவிடும் என்று பயந்து படியிலேயே ஏறி வந்தாள். இன்று நான் போன தளத்தில் ஷட்டர் இறக்கிய கடைகளே அதிகம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தபால்தலை வாங்கப் போனேன். அண்ணா சாலை போஸ்ட் ஆபீஸ் வளாகத்தில் தபால்தலைப் பிரிவு இருக்கும் கட்டடம் 1913-ல் எலெக்ட்ரிக் தியேட்டராக இருந்தது. ஊமைப்படம் ஓடிய இடத்தில் கவுன்ட்டர் அம்மா கண்ணாடிக் காகித உறைக்குள் தலைகளை விரல் படாமல் இடுக்கியால் தள்ளுகிறார்.

சாயங்காலம் பெரியப்பாவிடம் சொன்னதும் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் எனக்கும் முந்தி. சஃபையர் தெரியுமாடா உனக்கு?" 1964-ல் ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர்: சஃபையர், எமரால்டு, புளூ டயமண்ட். புளூ டயமண்டில் படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும்; எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். "இன்டர்வியூ முடிஞ்சு அடுத்த இன்டர்வியூ வரைக்கும் ஏ.சி.யில தூங்குவோம். கிளைமாக்ஸை மொதல்ல பாத்துட்டு ஆரம்பத்தைக் கடைசியில பாப்போம்." மூன்றும் போய், இடம் பல வருஷம் சும்மா கிடந்தது. சாந்தியும் இல்லை, ஆனந்தும் இல்லை. தேவி இருக்கிறது, பக்கத்துச் சாலையில் கேசினோவும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழை. மெட்ரோவில் போய் வந்தேன். 2019 பிப்ரவரியில் ரயில் ஓட ஆரம்பிக்கும் வரை வருஷக்கணக்கில் தகர வேலியும் ஒருவழியும்தான் இங்கே. இப்போது அடியிலேயே வந்து அடியிலேயே போய்விடலாம். சௌகரியம். ஆனால் நடுவில் இறங்கி ஒரு காபி குடிக்கத் தோன்றுவதில்லை. கடைக்காரர்கள் பாடு!

ஆகஸ்ட் 22, வெள்ளி

மெட்ராஸ் தினமாம், இன்று சிலைகள். ஸ்பென்சர் எதிரே, 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயப் படை அதிகாரி நீல் நின்றிருந்தார். அவரை அகற்றச் சொல்லி 1927-ல் சத்தியாகிரகம். கடைசியில் 1937-ல் ராஜாஜி அரசு மியூசியத்துக்கு அனுப்பியது. 1987-ல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது கருணாநிதி சிலையை உடைத்தார்கள். தீவுத்திடல் பக்கம் 1839-லிருந்து குதிரை மேல் இருக்கும் மன்றோவை மட்டும் யாரும் தொடவில்லை. குடியானவர்களிடம் நல்ல பேர் வாங்கின கவர்னர் என்பார்கள். அந்த இடத்தை மனையாக விலை பேச ஆள் வராததும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.