தூக்கி எறிந்தால் வெடிக்கும் துப்பாக்கி

பார்டர்லேண்ட்ஸ் 2 என்ற வீடியோ கேம் எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதில் வரும் டீடியோர் கம்பெனித் துப்பாக்கி. மற்ற ஆட்டங்களில் குண்டு தீர்ந்தால் மேகசினை மாற்றுவோம். இதில் துப்பாக்கியையே எதிரி மேல் வீசுவோம். அது வெடிக்கும், அடுத்த நொடியே கையில் புதிதாக ஒன்று முளைத்திருக்கும். உள்ளே குண்டு எவ்வளவு மிச்சமோ, வெடிப்பும் அவ்வளவு பலம். அதனால் சுட்டுத் தீர்ப்பதா, நிறைந்திருக்கும்போதே எறிவதா என்று சண்டைக்கு நடுவில் கணக்குப் போடவேண்டும். சிரிக்கவைத்த விஷயமே உத்தியாக மாறிவிடுகிறது. இந்த ஆட்டத்தின் நகைச்சுவை வசனத்தில் மட்டும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

கியர்பாக்ஸ் உருவாக்கிய இந்த ஆட்டம் 2012-ல் வெளியானது. பண்டோரா கிரகத்தில் பெட்டகம் தேடிப் போகும் கதை. லெவல் ஏற ஏறத் திறமைகளைக் கூட்டிக்கொள்ளலாம்; செத்து விழும் எதிரிகளிடமிருந்து துப்பாக்கிகள் கொட்டும். எது எவ்வளவு அரியது என்பதை நிறம் காட்டும்: வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, அதற்கும் மேலே ஆரஞ்சு. நானும் தங்கையும் ஒரே டிவியில் திரையைப் பிரித்து ஆடுவோம். எனக்கு இரண்டு கையிலும் துப்பாக்கி பிடிக்கும் சால்வடோர். அவளுக்கு எதிரியை அந்தரத்தில் கட்டிப்போடும் மாயா. எடுத்தவருக்கே சொந்தம் என்பதால், ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தால் சண்டையை அப்படியே விட்டுவிட்டு இருவரும் ஓடுவோம்.

ஃபேஸ் மெக்ஷூட்டி என்று ஒருவன், தன் முகத்தில் சுடச்சொல்லிக் கத்திக்கொண்டே இருப்பான். சுட்டால் மிஷன் முடிந்தது. அவ்வளவுதான் மிஷனே! பேன் என்ற சாபத் துப்பாக்கி இன்னொன்று. சுடும்போதெல்லாம் காது கிழியக் கத்தும், கையில் எடுத்தால் நடையும் ஆமை வேகமாகிவிடும்.

ஆனால் இதையெல்லாம் தாண்டி என்னைப் பிடித்து நிறுத்தியது ஹேண்ட்சம் ஜாக்கும் டைனி டீனாவும். (இனி கதையைச் சொல்லப்போகிறேன், ஆடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

ஜாக் தன்னைக் கதாநாயகன் என்றே நம்புகிற வில்லன். வைரத்தால் ஆன குதிரை வாங்கியதைப் பற்றி நம்மிடம் பீற்றிக்கொள்வான், நாமும் ரசித்துச் சிரிப்போம். அதே ஆள்தான் நம் அணியின் தலைவனான ரோலண்டை நம் கண்ணெதிரே சுட்டுக் கொல்கிறான். இத்தனை நேரம் இவனுடைய பேச்சையா ரசித்தோம் என்று சுருக்கென்று குத்துகிறது. அந்த வலிக்கு ஜாக்கை வெறும் கொடூரனாக எழுதியிருந்தால் போதாது, அவன் சிரிக்கவைத்திருக்க வேண்டும்.

2013-ல் வந்த கூடுதல் கதையான டிராகன் கீப், ரோலண்ட் இறந்த பிறகு நடப்பது. பதின்மூன்று வயது டீனா மேசையில் பகடை உருட்டிக் கதை சொல்கிறாள். ரோலண்டின் பழைய கூட்டாளிகளான லிலித், மார்டகாய், பிரிக் மூவரும் ஆடுகிறார்கள். தொடக்கத்திலேயே யாராலும் ஜெயிக்கமுடியாத டிராகனைக் கொண்டுவந்து எல்லோரையும் சாகடிப்பாள், அவர்கள் முறையிட்டதும் மாற்றிவிடுவாள். விழுந்து விழுந்து சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் அந்தக் கதைக்குள் ரோலண்ட் வீரனாக வந்து நிற்கிறான். மேசையில் இருப்பவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் செத்துவிட்டான் என்பதை ஏற்கமுடியாத ஒரு சிறுமி, தன் விதிகள் மட்டும் செல்லுபடியாகும் ஓர் உலகத்தில் அவனை உயிரோடு வைத்திருக்கிறாள். துக்கத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன துப்பாக்கி ஆட்டம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

டிராகன் கீப் 2021-ல் தனி ஆட்டமாகவும் வந்தது. அதை மட்டும் வாங்கி ஆடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். முதலில் இரண்டாம் பாகத்தை முழுசாக ஆடுங்கள், ரோலண்டோடு கொஞ்சம் பழகுங்கள், பிறகு டீனாவின் மேசைக்குப் போங்கள்.