முன்பக்க ஸ்பிரிங் முடிவாகிவிட்டது: 3-ம் இல்லை, 8-ம் இல்லை

என் மாஸ்டா எம்எக்ஸ்-5 (இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்) முன்பக்கத்தில், மேட்டில் ஏறினால் கேட்டுக்கொண்டிருந்த 'டொக்' சத்தம் ஒருவழியாக நின்றுவிட்டது. வண்டி இரண்டாம் தலைமுறை, 1.8 எஞ்சின். இங்கிலாந்தின் பீக் மாவட்ட மலைப்பகுதியில், பக்ஸ்டனிலிருந்து மேக்கிள்ஸ்ஃபீல்டு போகும் கேட் அண்ட் ஃபிடில் சாலையில் ஒரு வளைவின் நடுவே தார் ஒட்டுப்போட்ட மேடு இருக்கிறது. அதில் ஏறும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையை உதைக்கும், முன்சக்கரம் கோட்டை விட்டு வெளியே நகரும். இப்போது அதே மேடு, அதே வேகம். (அங்கே சராசரி வேகம் பார்க்கும் கேமரா உண்டு, 50 மைலுக்கு மேல் யாரும் போக முடியாது.) வண்டி ஒரு தடவை அமுங்கி எழுகிறது, பிடித்த கோட்டிலேயே போகிறது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

இந்த வண்டி வைத்திருப்பவர்களிடம் சஸ்பென்ஷன் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: காயில்ஓவர் (ஸ்பிரிங்கும், அதன் ஆட்டத்தை அடக்கும் டேம்பரும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய செட்) வாங்கு, முன்னால் 8 கிலோ, பின்னால் 6 கிலோ, வேலை முடிந்தது. இந்த எண், ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்பது. கம்பெனி ஸ்பிரிங் முன்பக்கம் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோதான். ஒரே தாவலில் இரண்டரை மடங்குக்கு மேல். நண்பர் ஒருவர் அந்த 8/6 போட்ட வண்டியை ஓட்டக் கொடுத்தார். டோனிங்டன் பார்க் மாதிரி வழவழப்பான டிராக்கில் அது அருமையான வண்டி. திருப்பிய நொடியில் திரும்பும், சாய்வே தெரியாது. அதே வண்டியை பீக் மாவட்டத்துச் சாலைகளில் ஓட்டினால் டயர் பாதி நேரம் தரையைத் தொட்டும் தொடாமலும்தான் ஓடுகிறது. ஸ்னேக் பாஸில் நிலம் சரிந்து தார் அலை அலையாகக் கிடக்கும் இடங்களில் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. டயர் தரையில் இல்லாதபோது பிடிமானம் எங்கிருந்து வரும்?

சரி, அப்படியானால் மென்மையான ஸ்பிரிங்கே நல்லது என்று சொல்லிவிடலாமா? என் வண்டி 3 கிலோவில்தானே 'டொக்' என்று அடித்தது! இங்கேதான் பலரும் தடம் மாறுகிறார்கள் என்பது என் கருத்து. ஓட்டும்போது இறுக்கம் என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி ஸ்பிரிங்கின் வேலையே இல்லை, பம்ப் ஸ்டாப்பின் வேலை, அதாவது சக்கரம் மேலே போகும் கடைசிக் கட்டத்தில் அடியைத் தாங்கும் நுரைத் துண்டின் வேலை. எம்எக்ஸ்-5 முதல் இரண்டு தலைமுறைகளிலும் முன்பக்கம் மேலே போக இருக்கும் இடம் ரொம்பக் குறைவு. அந்த இடம் தீர்ந்ததும் எடையெல்லாம் அந்த நுரை ரப்பர் மேல் உட்காருகிறது. அந்தக் கணத்தில் முன்பக்கத்தின் கடினம் பல மடங்கு ஏறிவிடும், பிடிமானம் திடீரென்று போய்விடும். வண்டியைத் தாழ்த்தினால் இருக்கிற கொஞ்ச இடமும் போகும், அதை ஈடுகட்ட ஸ்பிரிங்கை இன்னும் இறுக்க வேண்டும். தாழ்த்தும் கிட்களில் கடினமான ஸ்பிரிங் வருவதற்கு இது முக்கியமான காரணம்.

அதனால் ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் இருக்கிற இடத்தை அளப்பது என்று உட்கார்ந்தேன். இதைச் செய்யாமல் யாரும் காசு செலவழிக்காதீர்கள்.

முதலில் டேம்பர் தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, உடலோடு ஒட்டக் கீழே இறக்கிவிட்டு, வழக்கமான சாலையில் ஒரு சுற்றுப் போனேன். திரும்பி வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் டை பம்ப் ஸ்டாப்புக்குள்ளேயே போய்ப் புதைந்திருந்தது. நுரையைத் தொட்டதும் மஞ்சள் தூளாகக் கையோடு வந்தது. பழைய வண்டிகளில் இது சகஜம், ஆனால் கண்ணால் பார்க்கும்போதுதான் விஷயம் உறைக்கிறது.

அடுத்ததுதான் பொறுமை வேண்டிய கட்டம். டேம்பரைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, புது பம்ப் ஸ்டாப்பும் மேல் மவுண்டும் மட்டும் வைத்துத் திரும்பப் பொருத்த வேண்டும். ஆன்டி ரோல் பார் (இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் தண்டு) இணைப்பை இரண்டு பக்கமும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் எதிர்ப்பக்கம் இழுத்து அளவு பொய்யாகிவிடும். வண்டி ஆக்சில் ஸ்டாண்டில் உறுதியாக நிற்கட்டும். பிறகு கீழ்க் கையின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்த் தண்டு) அடியில் ஜாக்கி கொடுத்து, நுரை லேசாகத் தொடும் வரை மெதுவாக ஏற்றி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். வண்டி தரையில், ஓட்டுநர் எடையோடு நிற்கும்போது இருக்கும் அளவிலிருந்து இதைக் கழித்தால் கிடைப்பதுதான் உண்மையான பயண இடம். பெட்ரோல் பாதி டேங்க், ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு மணல் மூட்டை. சக்கரத்தின் கீழ் வழவழப்பான தகடு இரண்டு, நடுவில் கிரீஸ். இல்லாவிட்டால் டயர் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு வண்டி இறங்காது. என் வண்டியில் சக்கரத்தில் அளந்தபோது 40 மில்லிமீட்டர் கூடத் தேறவில்லை. ஒரு சாதாரண பள்ளமே அதைத் தின்றுவிடும்.

டேம்பர் தண்டில் அளந்ததைச் சக்கரத்தின் அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பக்கம் சக்கரம் 10 நகர்ந்தால் டேம்பர் 7-க்குச் சற்றுக் குறைவாகத்தான் நகர்கிறது. ஸ்பிரிங்கின் கடினம் சக்கரத்துக்குப் போகும்போது இந்த விகிதத்தின் வர்க்கத்தால் குறையும், அதாவது பாதிக்கும் கீழே. அதை வைத்துக் கணக்குப் போட்டால் 3 கிலோ ஸ்பிரிங்கில் முன்பக்கம் விநாடிக்கு 1.2 தடவை அளவில் ஆடும், 8 கிலோவில் 1.95. வீட்டு உபயோகக் கார்கள் பொதுவாக 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் (அதாவது விநாடிக்கு அத்தனை தடவை) இருக்கும். 2-க்குப் பக்கம் போனால் பந்தய வண்டியின் பேட்டை. 5 கிலோ போட்டால் 1.55. கடினம் எவ்வளவு ஏறினாலும் ஆட்டம் அதன் வர்க்கமூலத்தில்தான் ஏறுகிறது, அதனால் இடைப்பட்ட எண்களில் தேர்வு செய்ய நிறைய இடம் இருக்கிறது.

இன்னொரு பாதியை யாரும் பேசுவதில்லை: கீழ்நோக்கிய பயணம். 3 கிலோ ஸ்பிரிங் வண்டியின் எடையில் சக்கர அளவில் 170 மில்லிமீட்டர் போல அமுங்கி நிற்கிறது, 8 கிலோ வெறும் 65. பள்ளம் வந்தால் மென்மையான ஸ்பிரிங் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே பின்தொடரும், கடினமானது சீக்கிரமே கைவிட்டுவிடும்.

பிரிட்டனில் இது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. கொலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1962-இல் எலானைக் கொண்டுவந்தபோதே மென்மையான ஸ்பிரிங், அதை அடக்கும் தரமான டேம்பர் என்ற வழியைத்தான் பிடித்தது. எம்எக்ஸ்-5 உருவானபோது மாஸ்டா பொறியாளர்கள் முன்மாதிரியாகப் பார்த்த வண்டியும் அதே எலான்தான். அண்மைக் காலத்தில் 2017-இல் வந்த பிரெஞ்சு வண்டி ஆல்பைன் ஏ110 அதே பாதை: எடை 1,100 கிலோ அளவு, மென்மையான ஸ்பிரிங், கடைசிக் கட்டத்தில் அடியை வாங்க ஹைட்ராலிக் பம்ப் ஸ்டாப். 2019-இல் ஏ110 எஸ் வந்தபோது ஸ்பிரிங் 50 சதவீதம் கடினம், ஆன்டி ரோல் பார் இரு மடங்கு கடினம், உயரம் 4 மில்லிமீட்டர் குறைவு. இரண்டும் ஒரே வண்டி, இரண்டுக்கும் ரசிகர்கள் உண்டு. எனக்குக் கேட்டால் முதல் வண்டிதான், யோசிக்கவே மாட்டேன்.

ஆக நான் போட்டது: கோனி மஞ்சள் டேம்பர், முன்பக்கம் 5 கிலோ ஸ்பிரிங், புது நுரை பம்ப் ஸ்டாப். உயரம் கம்பெனி அளவிலிருந்து 10 மில்லிமீட்டர்தான் இறக்கம். கோனியில் மேலே உள்ள திருகியில் ரீபவுண்டு (அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து எழும் வேகத்தை அடக்குவது) மட்டும்தான் மாறும், அது போதும். குறைந்த நிலையில் வைத்து ஓட்டினேன். மேடு தாண்டியதும் மூக்கு ஒரு தடவை கூடுதலாக எழுந்தது. கால் சுற்றுக் கால் சுற்றாக ஏற்றி, அந்த இரண்டாவது எழுச்சி மறையும் இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் போனால் தொடர்ந்து வரும் சிறு மேடுகளில் சக்கரம் மேலேயே தங்கிவிடுகிறது. ஸ்பிரிங்கை இறுக்காமலேயே வண்டி 'கட்டுக்குள்' வந்துவிட்டது என்ற உணர்வு முழுக்க இந்தத் திருகி தந்தது.

போல்ட் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். மேல் கையின் நீள போல்ட்டை உருவினால்தான் முன் டேம்பர் வசதியாக வெளியே வரும். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, அந்த போல்ட்டைப் புஷ்ஷின் (கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) உள் குழாயோடு கட்டிப்போட்டிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடு காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் திருப்பித்தான் வந்தது. திரும்பப் போடும்போது புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் அதன் உயரத்தில் நிற்கும்போது இறுக்குங்கள். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியே நிற்கும், அதுவும் ஒரு வேண்டாத ஸ்பிரிங்காக வேலை செய்யும், சீக்கிரம் கிழியவும் செய்யும். புது போல்ட்டுகளை மாஸ்டா டீலரிடமே வாங்கினேன், விலை நியாயம்தான். பம்ப் ஸ்டாப்புக்கு முதலில் நாடிய இணையக் கடையோ என் தலைமுறைக்குச் சேராத நீளத்தை அனுப்பிவிட்டு, திருப்பி எடுக்க மாட்டோம் என்று நிற்கிறது. நீளத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள்.

பின்பக்கம் இன்னும் பழைய டேம்பரில்தான் இருக்கிறது. அங்கே டேம்பரின் நகர்வு விகிதம் முன்பக்கத்தை விட அதிகம், அதனால் எண்ணில் சிறிய ஸ்பிரிங்கே போதும். ஜெனரல் மோட்டார்ஸில் 1930-களில் மாரிஸ் ஆலி காட்டிய வழி, பின்பக்கம் முன்பக்கத்தை விடச் சற்று வேகமாக ஆட வேண்டும் என்பது. மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்னால் வருவது அதை எட்டிப்பிடித்தால்தான் வண்டி குதிரை மாதிரி முன்னும் பின்னும் ஆடாது. ஸ்போர்ட்ஸ் கார்களில் இதைத் தலைகீழாக வைப்பவர்களும் உண்டு, திருப்பத்தில் அதற்கும் பலன் இருக்கிறது. நான் ஆலியின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறேன். பின் கீழ்க் கையின் அலைன்மென்ட் போல்ட்டுகளும் உப்பில் கட்டிப்போயிருக்கும், அதனால் புது செட் ஒன்றை இப்போதே ஆர்டர் போட்டுவிட்டேன். பின்பக்க இடத்தையும் இதே முறையில் அளந்த பிறகுதான் 3.5-ஆ 4-ஆ என்பது. கேம்பர், டோ என்ற சக்கரக் கோணங்கள் எல்லாம் அதற்கு அப்புறம்.