முதல் நாள் ஓ.பி. சீட்டில் ‘சுளுக்கு’ என்று எழுதிவிட்டால்

கபடியில் திரும்பும்போது, பைக் சறுக்கி ஒற்றைக் காலை ஊன்றும்போது, ஈரப்படியில் கால் பிசகும்போது முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஒரு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கி, கால் மடக்க வராது. எக்ஸ்ரே எடுப்பார்கள். “எலும்புல ஒண்ணும் இல்ல, சுளுக்குதான்” என்று கிரேப் பேண்டேஜும் ஐந்து நாள் மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பல பேருக்கு அது உண்மையிலேயே சுளுக்காகத்தான் இருக்கும். இல்லாதவர்களுக்கோ முழங்காலோடு வீட்டுக் கையிருப்பும் சேர்ந்து போகிறது. காலுக்கான வைத்தியமும் கைக்கு வரவேண்டிய பணமும் அந்த முதல் நாள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டே நடக்கின்றன. அதனால்தான் இந்தப் பதிவில் வைத்தியத்தையும் காகிதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. முழங்காலைக் கட்டிப்பிடித்திருக்கும் லிகமென்டும், இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் அதில் தெரியாது. “எக்ஸ்ரே நார்மல்” என்றால் பெரிய எலும்பு முறிவு தெரியவில்லை என்று மட்டுமே பொருள். நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. லிகமென்ட், மெனிஸ்கஸ் இரண்டையுமே ‘ஜவ்வு’ என்றுதான் சொல்கிறோம். “ஜவ்வு கிழிஞ்சிருக்கு” என்று யாராவது சொன்னால் எந்த ஜவ்வு என்று கேளுங்கள். முன் லிகமென்டான ஏ.சி.எல்.லா, பின் லிகமென்டான பி.சி.எல்.லா, பக்கவாட்டு லிகமென்டா, மெனிஸ்கஸா? உள்பக்க லிகமென்ட் தனியாகக் கிழிந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே ஆறும். முழுதாக அறுந்த ஏ.சி.எல். பெரும்பாலும் தானாகச் சரியாக ஒட்டாது. மெனிஸ்கஸில் ரத்த ஓட்டமுள்ள வெளி ஓரம் கிழிந்தால் தைக்க முடியும். உள் ஓரம் கிழிந்தால் பெரும்பாலும் அந்தத் துண்டை வெட்டி எடுக்கவேண்டி வரும். மூன்றுக்கும் செலவு வேறு, வீட்டில் உட்காரும் காலம் வேறு. பெயரை ஆங்கில எழுத்திலேயே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் சொல்லும் விதத்திலேயே பாதி நோயறிதல் இருக்கிறது. “முட்டி வலிக்குது” என்றால் போதாது. எப்படித் திரும்பியது, சத்தம் கேட்டதா, எழுந்து ஆட முடிந்ததா, வீக்கம் எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று சொல்லவேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் குப்பென்று வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கோத்திருக்க வாய்ப்பு அதிகம், ஏ.சி.எல். அறுந்தவர்களிடம் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். ராத்திரி தூங்கி எழுந்தபின் மெல்ல வீங்கினால் மெனிஸ்கஸ் பக்கம் சந்தேகம் போகும். பைக்கில் மோதி, மடங்கிய முழங்காலின் முன்பக்கம் நேராக அடிபட்டிருந்தால் பி.சி.எல்.லைப் பார்க்கவேண்டும். நடக்கும்போது கால் திடீரென்று பிடிமானம் இல்லாமல் ‘விட்டுவிடுகிறது’ என்றால் அந்த வார்த்தையையே சொல்லுங்கள். வலியைவிட அது பெரிய தடயம்.

ஏ.சி.எல்.லைக் கையாலேயே சோதிக்கலாம். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை 20–30 டிகிரி மட்டும் மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுப்பார்கள். லாக்மன் டெஸ்ட் என்று பெயர். நல்ல காலில் அந்த இழுப்பு கயிறு விறைத்த மாதிரி ‘டக்’ என்று நிற்கும். அறுந்த காலில் நிற்காது, மெத்தென்று நழுவும். ஆனால் அடிபட்ட அன்றைக்கு வலியில் பின்தொடைத் தசை இறுகிப் பிடித்துக்கொள்வதால் நழுவல் தெரியாமல் போகலாம். நல்ல டாக்டர்கூட முதல் நாளில் தவறவிடுவது இங்கேதான். அதைக் குற்றமாகப் பார்க்கவேண்டியதில்லை. 7 முதல் 14 நாளுக்குள் வீக்கம் வடிந்தபின் மறுபடி சோதிக்காமல் விடுவதுதான் தவறு. “ரெண்டு வாரம் கழிச்சு வந்து மறுபடி காட்டணுமா?” என்று நீங்களே கேட்டு, அந்தத் தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அப்போதும் கால் விட்டுவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டுமா என்று கேளுங்கள். எடுத்தால் ரிப்போர்ட்டோடு நிற்காமல் படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது டாக்டர் படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். ரிப்போர்ட் மட்டும் இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லிவிடுவார்கள், இன்னும் சில ஆயிரம் ரூபாய் போகும்.

இரண்டு வாரம் காத்திருக்கக்கூடாத சில நிலைகளும் உண்டு. காலை நீட்டியபடியே படுக்கையிலிருந்து தூக்க முடியவில்லை என்றால் முட்டிச்சில்லோடு சேர்ந்த தசைநாண் அறுந்திருக்கலாம். முழங்கால் பாதி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டால் கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் சிக்கியிருக்கலாம். காய்ச்சலோடு மூட்டு சிவந்து கொதித்தால் சீழ் பிடித்திருக்கலாம். பாதம் சில்லிட்டால், மரத்துப்போனால் ரத்தக்குழாயோ நரம்போ அடிபட்டிருக்கலாம். இவையெல்லாம் அன்றைக்கே பார்க்கவேண்டியவை. 10–15 வயதுப் பிள்ளை முட்டி வலி என்று நொண்டினால் இடுப்பு மூட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். இடுப்பில் எலும்பு நழுவினாலும் வலி முட்டியில்தான் தெரியும். முட்டியை மட்டும் படமெடுத்து அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

வீட்டில் நடக்கும் தவறுகளில் முதலாவது எண்ணெய் போட்டு அழுத்தி உருவிச் சுளுக்கெடுப்பது. ரத்தம் கோத்த மூட்டை அழுத்தி முறுக்கினால் பாதி கிழிந்தது முழுதாகக் கிழியலாம். இரண்டாவது, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது. இதமாக இருக்கும், ஆனால் மூட்டு லேசாக மடங்கியபடியே இறுகி, கால் முழுதாக நீளாமல் போய்விடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். மூன்றாவது, யாரும் திரும்பிப் பார்க்காமல் வாரக்கணக்கில் மாவுக்கட்டிலோ கட்டையான பிரேஸிலோ காலைப் பூட்டிவைப்பது. முன்தொடைத் தசை சில நாளிலேயே கரையத் தொடங்கும். முட்டிச்சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே பேனாவால் ஒரு கோடு போட்டு, தையல் டேப்பால் இரண்டு தொடையையும் வாரம் ஒருமுறை அளந்து தேதியோடு எழுதுங்கள். 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் பிசியோ தாமதமாகிறது என்று அர்த்தம். டாக்டர் தடுக்காத வரை, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் கீழே அழுத்தி 5 விநாடி பிடித்து விடுவதை 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். இதற்குக் காசு செலவில்லை. இடையில் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அதைக் காயத்தின் வீக்கம் என்று விட்டுவிடாதீர்கள். ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே போங்கள்.

ஏ.சி.எல். அறுந்தது தெரியாமல் மாதக்கணக்கில் நடமாடினால், கால் விட்டுவிடும் ஒவ்வொரு முறையும் மெனிஸ்கஸ் நசுங்கும். ஆரம்பத்தில் தைக்க முடிந்த கிழிசல் நாள்பட வெட்டி எடுக்கவேண்டிய கிழிசலாகும். மெனிஸ்கஸ் போன மூட்டு சீக்கிரம் தேயும். பிற்காலச் செலவு இங்கிருந்துதான் வருகிறது. அதற்காக, உண்மை தெரிந்த அன்றைக்கே நகையை அடகு வைத்து ஆபரேஷனுக்கு ஓடவேண்டாம். தனியாக அறுந்த ஏ.சி.எல். அவசர ஆபரேஷன் இல்லை. வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்ட பிறகு செய்வதுதான் வழக்கம். விறைத்த மூட்டில் அவசரப்பட்டுச் செய்தால் விறைப்பு நிலைத்துப்போகலாம். ஓட்டமும் ஆட்டமும் இல்லாத வேலையில் இருக்கும் சிலருக்கு ஒழுங்கான பிசியோவே போதும். இந்த இடைவெளியில் இரண்டு மூன்று ஆஸ்பத்திரியில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். ஸ்க்ரூ, பட்டன் போன்று மூட்டுக்குள் பொருத்தும் இம்பிளான்ட் விலை தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிந்தைய பிசியோவையும் கணக்கில் சேருங்கள். ஒரு தடவைக்கு 400 ரூபாய் என்றாலும் 40 தடவைக்கு 16,000. திரும்பக் கபடி ஆட குறைந்தது 9 மாதம் ஆகும்.

இப்போது காப்பீடு. பல மெடிகிளெய்ம் (மருத்துவக் காப்பீட்டு) பாலிசிகளில் முழங்கால் லிகமென்ட், மெனிஸ்கஸ் சிகிச்சைக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு, அதாவது பாலிசி எடுத்து அவ்வளவு காலம் ஆகும்வரை அதற்குப் பணம் கிடைக்காது. விபத்தால் வந்ததென்றால் அந்தக் காத்திருப்பு பொருந்தாது. ஆனால் அது விபத்து என்று சொல்லவேண்டியது முதல் சீட்டு. அதில் ‘முழங்கால் வலி, ஒரு வாரமாக’ என்று மட்டும் இருந்து, பிறகு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘டீஜெனரேட்டிவ்’ என்ற சொல்லும் வந்துவிட்டால், இது தேய்மானம், காத்திருப்புக்குள் வருகிறது என்று கம்பெனி மறுத்துவிடும். எனவே தேதி, நேரம், விழுந்த விதம் மூன்றும் முதல் நாளே எழுத்தில் வரவேண்டும். விட்டுப்போயிருந்தால் அதே டாக்டரிடம் போய், நடந்ததை நடந்தபடியே சொல்லி, அன்றைய தேதியிட்டு விளக்கக் கடிதம் கேளுங்கள். பழைய சீட்டைத் திருத்தச் சொல்லாதீர்கள். அடித்துத் திருத்திய ஒரு சீட்டு மொத்த கிளெய்மையும் சந்தேகத்தில் தள்ளிவிடும்.

தப்பான நோயறிதல் இன்னொரு வழியிலும் காசைத் தின்கிறது. அட்மிஷனுக்கு முந்தைய செலவை 30 அல்லது 60 நாள் வரைதான் பாலிசி ஏற்கும். ‘சுளுக்கு’ என்று மூன்று மாதம் போனால், அந்த மூன்று மாதத்தின் முதல் எக்ஸ்ரே, மாத்திரை, பிசியோ எல்லாம் கைக்காசுதான். பிரேஸ், ஊன்றுகோல் இரண்டும் பெரும்பாலும் தராத பட்டியலில் இருக்கும். ஆபரேஷனுக்குப் பிந்தைய பிசியோவைப் பாலிசியில் உள்ள நாள் கணக்குக்குள் கேட்கலாம். டாக்டர் எழுதிய பரிந்துரையும் தேதிவாரி ரசீதும் வேண்டும். கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவர்களுக்கு, காயம் எப்படி வந்தது என்று முதல் சீட்டில் எழுதும் அந்த ஒரு வரி நேரடியாகப் பணம். சாதாரண நோய் விடுப்பென்றால் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்கு அரையாண்டில் 78 நாள் சந்தா கட்டியிருக்கவேண்டும். வேலையில், அல்லது வேலைக்குப் போய்வரும் வழியில் பட்ட காயமென்றால் 90 சதவீதம். சந்தா நாள் நிபந்தனை இல்லை, இயலாமை நீடிக்கும் வரை கிடைக்கும். லோடு இறக்கும்போது முறுக்கிய காலை ‘முட்டி வலி’ என்று பதிந்துவிட்டால் 20 சதவீதத்தை இழக்கிறீர்கள். நிறுவனம் விபத்து அறிக்கை அனுப்பியதா என்று அன்றைக்கே கேளுங்கள்.

சாலை விபத்தென்றால் ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல், முக்கியம். அதில் ‘முட்டியில் சிராய்ப்பு’ என்று மட்டும் இருந்தால், பிறகு எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த கிழிசல் இந்த விபத்தில் வந்ததல்ல என்று எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனம் வாதாடும். முட்டி வீக்கத்தையும் ஊன்ற முடியாததையும் பதியச் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி இழப்பீட்டு மனுவுக்கு விபத்திலிருந்து 6 மாதம்தான். நோயறிதல் தாமதமானது என்பதற்காக அந்தக் கெடு தள்ளிப்போகாது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும். அட்மிஷனுக்கு முன்பே அந்த ஆஸ்பத்திரியின் திட்டக் கவுன்டரில் உங்கள் ஆபரேஷன் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு, முன்அனுமதி வந்தபின் சேருங்கள்.

டாக்டர் மேல் வழக்குப் போடலாமா என்பது கடைசியில் எல்லோரும் கேட்பது. தப்பாகக் கணித்தது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காலைத் தொட்டே பார்க்கவில்லை, கால் விட்டுவிடுகிறது என்று மூன்று தடவை சொல்லியும் மேற்கொண்டு சோதிக்கவில்லை, மறுபடி வரச் சொல்லவே இல்லை என்பவை வழக்குக்கு வலுவானவை. முதல் நாளில் லாக்மன் தெரியவில்லை என்பது வலுவற்றது. காசு கொடுத்துப் பார்த்த இடமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகவேண்டும். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி அதில் வராது, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வரும். இன்னொரு எலும்பு டாக்டரின் எழுத்துக் கருத்து இல்லாமல் போனால் வழக்கு நிற்பது கஷ்டம். மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் டாக்டர் மேல் நடவடிக்கை வரலாம், உங்களுக்கு இழப்பீடு வராது.

எந்த வழியில் போனாலும் ஆவணம் வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. 3 ஆண்டு வரை பாதுகாக்கவும் வேண்டும். ஆவணம் கேட்டு நீங்கள் கொடுக்கும் கடிதத்தின் நகலில் சீல் வாங்குங்கள். மருந்துக்கடையில் தரும் வழவழப்பான பில்லின் எழுத்து வெயிலிலும் பர்ஸ் சூட்டிலும் சில மாதத்தில் வெளுத்து வெறுந்தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அசலை அதன் பின்னால் பின் பண்ணி வையுங்கள்.