நான்காவது உருண்டையில் சுளைகள் சேர்ந்தன

மூன்று உலக உருண்டைகளைக் குப்பைக்கு அனுப்பிய பிறகு, நேற்று நான்காவதில் பன்னிரண்டு தாள் சுளைகளும் ஒழுங்காக உட்கார்ந்தன. கடைசிச் சுளை தன் இடத்தில் போய்ப் படிந்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்கும் பெரிய வியப்பு இல்லை.

நான் செய்வது ஜெர்மானிய வரைபடக்காரர் மார்ட்டின் வால்ட்ஸேமுல்லரின் 1507ஆம் ஆண்டு உலக உருண்டை. அமெரிக்கா என்ற பெயரைப் போட்டு அவர் வெளியிட்ட பெரிய சுவர் வரைபடத்தைத்தான் பலருக்கும் தெரியும்; அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1 கோடி டாலர் கொடுத்து வாங்கியது அதைத்தான். அதோடு அவர் மரக்கட்டை அச்சில் ஒரு சின்ன உருண்டைக்கான தாளும் போட்டார். ஆரஞ்சுச் சுளை மாதிரி இரு முனையும் கூராக இருக்கும் 12 துண்டுகள். ஒட்டினால் சுமார் 12 செ.மீ. உருண்டை. இன்று மிஞ்சியிருப்பவை ஒட்டப்படாத ஒருசில தாள்கள் மட்டும்தான். ஒட்டிய உருண்டை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒரு பிரதி 2012இல் மியூனிக் பல்கலைக்கழக நூலகத்தில், வேறு புத்தகங்களோடு சேர்த்து பைண்ட் செய்யப்பட்ட நிலையில் அகப்பட்டது. நான் எடுத்துக்கொண்டது அதன் ஸ்கேன்.

உருண்டை செய்த கதை வேண்டாம். தெர்மாகோல் பந்து, மேலே சுண்ணாம்புத்தூளும் ஃபெவிகாலும், அரைவட்ட வார்ப்புருவால் சுரண்டல். நூல் சுற்றி அளந்தால் 377 மி.மீ. வர வேண்டும், வந்தது.

தொல்லை தொடங்கியது ஒட்டுவதில். நடுவில் ஒவ்வொரு சுளையும் 31.4 மி.மீ. அகலம். மைதா பசை தடவியதும் தாள் ஈரத்தில் விரிகிறது. ஒன்றுக்கு 0.4 மி.மீ.தான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் 12 சுளை சுற்றி வந்தால் கிட்டத்தட்ட 5 மி.மீ.! முதல் உருண்டையில் கடைசிச் சுளை முதல் சுளையின் மேல் ஏறி நின்றது. இரண்டாவதில் அகலத்தைக் குறைத்து அச்சிட்டேன். சேர்ந்தது, ஆனால் ஓரமெல்லாம் சுருக்கம். மூன்றாவதில் பசையைக் கெட்டியாக்கினேன். சுருக்கம் அப்படியே, கூடவே கட்டி கட்டியாகப் பசை.

சுருக்கத்துக்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. சுளையின் நடுக்கோடு 188.5 மி.மீ. என்றால் வளைந்த ஓரம் 191.7. உருண்டையின் மேலோ எல்லாத் தீர்க்கரேகைகளும் ஒரே நீளம். ஆகவே நடுப்பகுதி நீள வேண்டும், அல்லது ஓரம் சுருங்க வேண்டும். காய்ந்த தாள் இரண்டுக்கும் சம்மதிக்காது. தாளை ஈரமாக்கித்தான் ஆக வேண்டும், ஈரமானால் அகலம் விரியும். இந்தச் சுழலில்தான் இரண்டு மாதம் போனது.

தீர்த்துவைத்தவர் எங்கள் தெருமுனை பைண்டிங் கடை அண்ணன். கதையைக் கேட்டுவிட்டு ஒரு செய்தித்தாளை எடுத்தார். ஒரு பக்கமாகக் கிழித்தார், நேராக வந்தது. மறுபக்கமாகக் கிழித்தார், கோணல்மாணலாகப் போனது. “நேரா கிழியிற பக்கம்தான் தாளோட நரம்பு தம்பி. ஈரம் பட்டா நரம்புக்குக் குறுக்கேதான் விரியும்.” நான் ஏ4 தாளின் நீளவாக்கில் சுளைகளை நிற்க வைத்து அச்சிட்டிருந்தேன். நரம்பும் நீளவாக்கில். அதனால் விரிவு முழுக்க அகலத்தில் போய்விட்டது.

படத்தை 90 பாகை திருப்பி அச்சிட்டேன். அவ்வளவுதான்! இப்போது தாள் துருவத்திலிருந்து துருவத்துக்கு விரிகிறது, அகலம் ஏறக்குறைய அசையவில்லை. நீளத்தை மட்டும் 98 சதவீதமாக்கினேன். பசை தடவி இரண்டு நிமிடம் ஊறவிட்டு, மறுபடி ஒரு கை தடவி, நிலநடுக்கோட்டில் முதலில் பதித்து, நடுக்கோட்டை விரலால் மேலும் கீழுமாக இழுத்து, கடைசியாக ஓரத்தை ஐஸ்கிரீம் மரக்கரண்டியால் உள்நோக்கித் தேய்க்க வேண்டும். உலோகக் கரண்டி வேண்டாம், ஈரத்தாள் பளபளத்துவிடும்.

வால்ட்ஸேமுல்லர் காலத்து ஆட்களுக்கு இந்த நரம்புத் தலைவலி பெரிதாக இருந்திருக்காது. கையால் வார்த்த தாளில் நார்கள் எல்லாத் திசையிலும் கிடக்கும். நானும் புதுச்சேரிக் கைத்தாள் வாங்கிப் பார்த்தேன். அட்டை மாதிரி தடிமன், மையும் கசிந்தது. மெல்லியதாகக் கிடைக்குமா என்று அடுத்த முறை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தேட வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் போடும் மயில்துத்தம் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், என் இரண்டாவது உருண்டையின் கடலுக்குப் பச்சை பூசியது அதுதான். டேங்க் பிரிண்டரின் கறுப்பு மை மட்டும் பசை ஈரத்தில் கரையவில்லை. மரக்கட்டை அச்சுக்கு வேறு நிறம் எதற்கு?

குறை இல்லாமல் இல்லை. ஓர் இணைப்பில் நிலநடுக்கோடு அரை மில்லிமீட்டர் படியிறங்குகிறது. தென் துருவத்தில் 12 முனைகளும் குவிந்து சின்ன மேடு. பிற்காலத்து உருண்டைக்காரர்கள் முனைகளை வெட்டிவிட்டு அங்கே ஒரு வட்டத்தாளை ஒட்டி மறைத்தார்கள். இதில் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

அரக்கு பூசும் முன் ஜெலட்டின் இரண்டு பூச்சு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தாள் அரக்கைக் குடித்துத் திட்டுத் திட்டாகக் கறுக்கும். ஜெலட்டினே இன்னும் வாங்கவில்லை. ஆனால் உருண்டையைச் சுற்றி நிற்கும் பித்தளை வளையத்துக்கு லேத் பட்டறையில் விலை கேட்டாகிவிட்டது. பாகைக்கு ஒன்றாக 360 கோடு போட்டுத் தர முடியுமா என்றதற்கு, பட்டறைக்காரர் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல இந்தியா எங்க சார்?” என்றார்.