மூன்று இதயமும் ஒரு மாமாவும்

நான் எழுதிய ஆக்டோபஸ் கட்டுரையை வீட்டு குரூப்பில் போட்ட கையோடு அண்ணன் கட்டைவிரலைத் தூக்கிவிட்டான். நிதானமாகப் படித்தால் பத்து நிமிஷமாவது ஆகும். இவன் தலைப்பைப் படிக்கவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறவன். கொஞ்ச நேரம் கழித்து ‘படம் சூப்பர்’ என்று இன்னொரு செய்தி. அந்தக் கட்டுரையில் என் கை படாத ஒரே இடம் அந்தப் படம்தான்.

அண்ணி பரவாயில்லை, படித்தார். நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை ஆக்டோபஸுக்குத் தாமிரம் செய்கிறது, அந்தப் பொருளுக்கு ஹீமோசயனின் என்று பேர், அதனால்தான் ரத்தம் நீலம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கியிருந்தேன். அண்ணி யோசித்துவிட்டு, “துணியில பட்டா போகுமா?” என்று கேட்டார். எந்த ஆராய்ச்சியாளருக்கும் தோன்றியிருக்காத கோணம்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். சிவப்பு மைப் பேனா வந்தது, கண்ணாடி வந்தது, ஸ்கேலும் வந்தது. ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஸ்கேலை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கிறது, ஏறக்குறைய ஒவ்வொரு கையும் தானே யோசிக்கும் என்று ஒரு இடம். எழுதும்போது எனக்கே புல்லரித்த இடம். அப்பாவின் ஸ்கேல் அங்கே நின்றது. நானும் மூச்சு விடாமல் நின்றேன். “குறித்து கூறும்போது இல்லடா, குறித்துக் கூறும்போது” என்று ஒரு ‘க்’ போட்டுவிட்டு ஸ்கேலை இறக்கினார். முடித்ததும் “எப்படிப்பா இருக்கு?” என்றேன். “இப்ப நல்லா இருக்கு” என்றார்.

நண்பன் ஒருவன் இருக்கிறான், யார் என்று உங்களுக்கே தெரியும். “தகவல் எல்லாம் இருக்கு மச்சி, ஆனா உயிர் இல்ல” என்றான். மூன்று இதயம் இருக்கும் பிராணியைப் பற்றி எழுதியும் உயிர் இல்லையாம். சரி, எந்த இடத்தில் இல்லை, காட்டு என்றால், “மொத்தமா ஒரு ஃபீல் வரல” என்றான். இந்த மாதிரி கருத்துச் சொல்கிறவர்களைக் கடல்தரையில் 1,400 மீட்டர் ஆழத்தில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

உண்மையில் கட்டுரையைக் கருத்தூன்றிப் படித்தவர் என்றால் அது பத்திரிகை ஆசிரியர்தான். அவர் படித்ததற்குப் படிக்காமலே இருந்திருக்கலாம். ‘ஆதிகாலந்தொட்டே மனிதன் கடலை வியந்து நோக்கி வந்திருக்கிறான்’ என்று கம்பீரமாக ஆரம்பித்திருந்தேன். அந்தப் பத்தி முழுக்க ஒரே கோடு. பக்கத்தில், “இது இல்லாவிட்டால் யாருக்கு நஷ்டம்?” என்று ஒரு குறிப்பு. எனக்குத்தான் ஐயா நஷ்டம். அந்த வாக்கியம் இன்னமும் எனக்குப் பிடிக்கும். கீழே வரவர ஓரமெல்லாம் “ஆதாரம்?”, “யார் சொன்னது?”, “ஆதாரம்?” மூன்று இதயத்துக்குக்கூட ஆதாரம் கேட்டார். ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் அவர் செய்த வேலைதான் வேலை. நான் முடிவில் ஒளித்து வைத்திருந்த தாய் ஆக்டோபஸ் கதையைத் தூக்கி முதல் பத்தியில் வைத்துவிட்டார். கலிபோர்னியாவின் மான்டரே பக்கம், ஆழ்கடல் பாறையில் முட்டைகளை அணைத்துக்கொண்டிருந்த ஒரு தாய். 2007இல் ஆய்வாளர்கள் அதைப் பார்த்தார்கள். 2011 வரை எப்போது கருவியை இறக்கினாலும் அதே பாறையில் அதே தாய். 53 மாதம். அது எதையாவது தின்று ஒருவரும் பார்க்கவில்லை. “இதைப் படித்துவிட்டு எவனும் கீழே வைக்க மாட்டான்” என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அவர் எனக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அதுவும் ஆக்டோபஸுக்குத்தான் சேரும்.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டேன். இன்றைக்கு அத்தை போன் செய்து, “நீ எழுதினதப் படிச்சிட்டு உங்க மாமா வாக்கிங் போகமாட்டேங்கறார்டா” என்றபோதுதான் எனக்குத் தலை சுற்றியது.

விஷயம் இதுதான். ஆபரேஷனுக்கு அப்புறம் காலையும் மாலையும் நடக்க வேண்டும் என்று டாக்டர் மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆக்டோபஸின் மூன்று இதயங்களில் இரண்டு செவுள்களுக்கு, ஒன்று உடம்புக்கு. நீந்தும்போது அந்த உடம்பு இதயம் நின்றுவிடும். சீக்கிரம் களைத்துப்போகும் என்பதால் அது பெரும்பாலும் தவழ்ந்துதான் போகும் என்று நான் எழுதியிருக்கிறேன். மாமா அந்த வரியைப் பென்சிலால் கட்டம் கட்டி வைத்திருக்கிறாராம். அத்தை செருப்பை எடுத்து வைக்கும்போதெல்லாம் எடுத்து வாசிக்கிறாராம். “மூணு இருக்கிறதே அலையமாட்டேங்குது, ஒண்ணை வச்சுக்கிட்டு, அதுவும் ரிப்பேர் பண்ணினத வச்சுக்கிட்டு நான் அலையணுமா?” என்று கேள்வி வேறு.

போனை மாமாவிடம் கொடுக்கச் சொன்னேன். வாங்கியதும், “பிரமாதமா எழுதியிருக்கேடா” என்றார். இவரையும் அண்ணன் கட்சியில் சேர்க்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்புறம் அத்தை அந்தண்டை போயிருக்க வேண்டும், குரலை இறக்கினார். “அந்த அம்மா ஆக்டோபஸ் இருக்கே, 53 மாசம் ஒரு இடத்தவிட்டு நகராம. உங்க அத்தையும் ஐசியூ வாசல்ல அப்படித்தான் உக்காந்திருந்தாளாம், நர்ஸ் சொன்னா. ஒரு வாய் சாப்பிடலையாம்.” நான் ஒன்றும் பேசவில்லை. “அவகிட்ட சொல்லித் தொலைச்சிடாதே, அதையும் சொல்லிக்காட்டி நடக்க வச்சிடுவா” என்று முடித்துக்கொண்டார்.

போன் மறுபடி அத்தை கைக்குப் போனது. “உக்காந்தே இருந்தா என்ன ஆகும்னு ஒரு மிருகத்தப் பிடிச்சு எழுது” என்று உத்தரவு. தேடினால் கிடைக்காமலா போகும்? சீ ஸ்குவர்ட் என்று ஒரு கடல் உயிரி. குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரிகிறது. ஒரு பாறையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் வாலைக் கரைத்துவிடுகிறது, நீந்திய காலத்து நரம்பு மண்டலத்தில் பெரும்பகுதியையும் கரைத்துவிடுகிறது. இனி ஓட வேண்டியதில்லை, அவ்வளவு மூளை எதற்கு என்ற கணக்கு. நாலு பத்தி எழுதி அத்தைக்கு அனுப்பினேன். உடனே போன்.

“மூளையத்தானே கரைக்குது? உங்க மாமா அதுக்கெல்லாம் பயப்படுற ஆளா? இதயமும் சேர்ந்து கரையும்னு ஒரு வரி போடேன்.”

“அதுக்கு ஆதாரம் வேணும் அத்தை, ஆசிரியர் கேப்பார்.”

“நான் சொன்னேன்னு போடு.”