ஏஐபிஇ இரண்டாம் முயற்சி: ஏழு மார்க்குக்கு மூன்று மாதம் கொடுத்தேன்

வழக்கறிஞர்கள் எழுதும் அகில இந்திய பார் தேர்வின் (ஏஐபிஇ) ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். வழக்கறிஞராக என்ரோல் செய்த இரண்டு வருடத்துக்குள் தேறியாக வேண்டும் என்ற கெடு நெருங்கிக்கொண்டிருந்ததால், முடிவைப் பார்க்கும்போது கை நடுங்கியது. என்னைப் போலவே சுற்றுச்சூழல், ஒழுங்குமுறை, தொழில்நுட்பச் சட்டத்தில்தான் தொழில் செய்வேன் என்று மனதில் வைத்துப் படிப்பவர்களுக்காக இதை உடனே எழுதுகிறேன்.

முதல் முறை பிடித்ததை மட்டும் படித்தேன். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய 1996 தீர்ப்பை வரி வரியாகப் படித்தேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த 2015 ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பை மூன்று முறை. மூன்று மாதம் இப்படியே போனது. கேள்வித்தாளில் சுற்றுச்சூழலுக்கு 2, சைபருக்கு 2, நிர்வாகச் சட்டத்துக்கு 3. மொத்தம் ஏழு. சிவில் நடைமுறை (சிபிசி) 10, குற்றவியல் நடைமுறை 10, சாட்சியம் 8 என்று அந்தப் பக்கம் 28 மார்க் இருந்தது. விடைக் கீ வந்ததும் எண்ணிப் பார்த்தேன்: 42. தேற 45 வேண்டும். அந்த இருபத்தெட்டில் எனக்குக் கிடைத்தது ஒன்பது.

சீனியரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "நீ சுற்றுச்சூழல் வழக்குகளைப் பார்க்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கே போனாலும் முதலில் கேட்பது, மனு இங்கே நிற்குமா, நாள் தாண்டிவிட்டதா என்றுதானே?" என்றார். அப்புறம் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் சொன்னதைப் படிக்கச் சொன்னார். ஆலையைத் திறக்கலாம் என்று 2018 டிசம்பரில் தீர்ப்பாயம் உத்தரவிட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் மாசு எவ்வளவு என்ற கேள்விக்குள் போகவே இல்லை. அந்த மேல்முறையீட்டை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை என்று உத்தரவை ரத்து செய்து, உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னது. அங்கே 2020 ஆகஸ்டில் ஆலையின் மனு தள்ளுபடியானது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இத்தனை பெரிய வழக்கு, எந்த வாசலில் நுழைய வேண்டும் என்ற கேள்வியில் திரும்பியிருக்கிறது. நடைமுறைச் சட்டம் சலிப்பானது என்ற என் எண்ணம் அன்றோடு போனது.

இரண்டாம் முறை நான் செய்தது ஒன்றே ஒன்று: நாள் நோட்டு. எந்தச் சட்டத்தைத் திறந்தாலும் யார் போகலாம், எங்கே போகலாம், எத்தனை நாளுக்குள் என்று மூன்று கட்டம். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்துக்கு என் நோட்டில் இருந்தது:

- பிரிவு 14, தகராறு: 6 மாதம், கூடுதலாக 60 நாள்
- பிரிவு 15, இழப்பீடு: 5 வருடம், கூடுதலாக 60 நாள்
- பிரிவு 16, மேல்முறையீடு: 30 நாள், கூடுதலாக 60 நாள்
- பிரிவு 22, உச்ச நீதிமன்றம்: 90 நாள்
- தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலான முதல் அட்டவணையில் வனவிலங்குச் சட்டம் 1972 இல்லை (இதில் எல்லோரும் சறுக்குவார்கள்)

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-க்கும் இதே மாதிரி: மேல்முறையீடு டெலிகாம் தீர்ப்பாயமான டிடிசாட்டுக்கு, 60 நாளுக்குள். பிறகு சிபிசிக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸுக்கும் இதே கட்டம் போட்டேன். சிபிசி எனக்குப் புரிந்ததே அப்போதுதான்.

மற்றவை, சுருக்கமாக:

பேர் ஆக்டை (விளக்கக் குறிப்பு இல்லாத சட்டப் புத்தகம்) ஹாலில்தான் முதன்முதலாகப் புரட்டுவேன் என்றால் எடுத்துப் போகவே வேண்டாம். மொத்தம் 100 கேள்வி. முன்னால் இருக்கும் பிரிவுப் பட்டியல் பழகியிருந்தால் மட்டுமே அது உதவும். முதல் சுற்றில் புத்தகத்தைத் தொடாதீர்கள்.

சட்டம் மாறிய இடங்களில் பழைய பிரிவு எண்ணும் புதிய எண்ணும் சேர்த்து எழுதிப் பழகுங்கள். மின்னணு ஆவணச் சான்றிதழ் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-யிலிருந்து, புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியத்தில் 63 ஆகிவிட்டது. இப்போது ஹாஷ் மதிப்பும் (கோப்பின் டிஜிட்டல் கைரேகை மாதிரி) கேட்கிறது. தொழில்நுட்ப வழக்குக்குப் போகிறவர்கள் இந்த ஒரு பிரிவை உயிராகப் படிக்க வேண்டும்.

நெகட்டிவ் மார்க் இல்லை. ஒன்றையும் விடாதீர்கள்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. தனியாக, காலையில், நோட்டோடு. பேசிப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்பவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம்.

மூன்று மாதம் தீர்ப்புகள் படித்தது வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. அவற்றுக்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். ஆனால் அவற்றைத் தேர்வு முடிந்த பிறகு படித்திருக்க வேண்டும்.

சரி, கிளம்புகிறேன். சீனியரிடம் ஒரு அனுமதி உத்தரவை எதிர்த்து பிரிவு 16 மேல்முறையீடு வந்திருக்கிறது. உத்தரவு கட்சிக்காரர் கைக்குக் கிடைத்து இன்று இருபத்தாறாவது நாள். வரைவு என் பொறுப்பு.